தேனீ, குளவி, உண்ணி: கொங்குச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவோர் எதைக் கையில் வைத்திருப்பது?

கோவையிலிருந்து சிறுவாணி சாலையில் பேரூரைத் தாண்டிப் போகிறவர்களும், ஈரோட்டுப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் விடியற்காலையில் மிதிக்கிறவர்களும் பஞ்சருக்கான ட்யூபையும் காற்றடிக்கும் பம்பையும் மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். பூச்சி கொட்டினால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வருகிறது. சுண்ணாம்பு தடவினால் போதும் என்பவர் உண்டு; களிம்பு வைத்திருக்கிறேன் என்பவர் உண்டு; ஓர் ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடலாம் என்பவர் உண்டு; எதுவும் வேண்டியதில்லை, தானாக வற்றிவிடும் என்பவரும் உண்டு. இவற்றுள் எது சரி என்பது கொட்டிய பூச்சி எது, கொட்டு வாங்கியவரின் உடல்வாகு எப்படி, அவர் நிற்கும் இடத்திலிருந்து மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்ற மூன்றையும் பொறுத்தது. மூன்றாவதைத்தான் நாம் மிகக் குறைவாக யோசிக்கிறோம். அதனால் இந்த ஒப்பீட்டில் அதற்கே அதிக எடை தருகிறேன்.

முதலில் பூச்சிகள். பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் அடுக்குத் தேனீ பொதுவாகச் சாதுவானது. தோப்பை ஒட்டிய சாலையில் வேகமாகப் போகும்போது எதிரே பறந்து வந்து சட்டைக் கழுத்திலோ தலைக்கவசத்தின் துளையிலோ சிக்கிக்கொண்டால் மட்டுமே அது கொட்டுகிறது. மலைத்தேனீயின் குணம் வேறு. பெரிய ஆலமரக் கிளை, பாலத்தின் அடிப்பகுதி, பாறை முகடு, ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்று உயரமான இடங்களில் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்கும் அதன் கூட்டை யாரோ கல்லெறிந்தோ புகை போட்டோ பருந்து கொத்தியோ கலைத்துவிட்டால், அந்த வழியே ஒன்றும் அறியாமல் வருகிற சைக்கிள்காரரையும் அது விட்டுவைக்காது. குளவியும், மரங்களிலும் புதர்களிலும் கூடு கட்டும் கதண்டும் மூன்றாவது வகை. தேனீ ஒருமுறைதான் கொட்டும். குளவி அதே இடத்தில் நின்று பலமுறை கொட்டும்.

இந்த வேறுபாடு முதலுதவியின் முதல் நொடியிலேயே நமக்கு வேண்டியிருக்கிறது. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது நம் தோலில் மாட்டிக்கொண்டு நச்சுப்பையோடு பிய்ந்து தங்கிவிடுகிறது. தேனீ பறந்துபோன பிறகும் அந்தப் பையின் தசைகள் துடித்துத் துடித்து நஞ்சை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். இருபது நொடிக்குள் குறைந்தது 90 சதவீத நஞ்சு இறங்கிவிடுகிறது என்றும், ஒரு நிமிடத்தில் பை காலியாகிவிடுகிறது என்றும் 1994இல் அளந்து காட்டினார்கள். கொடுக்கை விரலால் கிள்ளி எடுக்கக் கூடாது, ஏடிஎம் அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்ற அறிவுரை இன்றும் பரவலாக இருக்கிறது. கிள்ளினால் பை நசுங்கி மிச்ச நஞ்சும் உள்ளே போய்விடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1996இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இரண்டு முறைகளையும் வைத்துப் பார்த்து, எடுக்கும் விதத்தால் வீக்கத்தின் அளவில் வேறுபாடு இல்லை, எடுப்பதில் ஏற்படும் தாமதமே வீக்கத்தைப் பெரிதாக்குகிறது என்று முடிவு கூறியது. ஆகவே பணப்பையைத் திறந்து அட்டையைத் தேடுவதைவிட நகத்தால் உடனே பிடுங்கி எறிவதே மேல். குளவி கொட்டியிருந்தால் எடுப்பதற்குக் கொடுக்கு இராது. இல்லாத கொடுக்கைத் தேடித் தோலைக் கிள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சைக்கிள்காரருக்கு இதில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. இறக்கத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது சட்டைக்குள் தேனீ புகுந்தால், ஒரு கையை எடுத்து மார்பில் அடித்துக்கொள்வது அனிச்சையாக வரும் செயல். அந்த நேரத்தில் கைப்பிடி திரும்பி விழுவதால் ஏற்படும் காயம் எந்தத் தேனீக் கொட்டையும்விட மோசமானது. இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து, ஓரம் கட்டி, காலை ஊன்றிய பிறகே கையை எடுக்க வேண்டும். அதற்குள் நஞ்சு முழுவதும் இறங்கிவிட்டாலும் பரவாயில்லை. நின்றவுடன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கையுறையையும் கழற்றிவிடுவது நல்லது. விரல் வீங்கிய பிறகு மோதிரத்தைக் கழற்றுவது பெரும்பாடு.

தோலின்மேல் தடவுபவை

சுண்ணாம்பிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் நம் ஊர்களில் அப்பத்தாவும் அம்மிச்சியும் முதலில் எடுத்தது அதைத்தான். வெற்றிலைப் பெட்டி திறந்தே இருந்த வீடுகளில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தேனீயின் நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை மற்றொன்று முறிக்கும் என்று பள்ளிக்கூடத்து அறிவியலும் அதற்குத் துணை நின்றது. இதே கணக்கில் குளவிக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவச் சொல்வார்கள். இந்தக் கணக்கு பொருந்தாமல் போவதற்குக் காரணம் எளிது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது நஞ்சின் அமிலத்தன்மை இல்லை. மெலிட்டின் முதலான புரதப் பொருள்களும் நொதிகளும்தான். அவையும் மிகச் சிறிய அளவில், தோலுக்கு அடியில் திசுவுக்குள் செலுத்தப்பட்டுவிடுகின்றன. மேலே தடவிய சுண்ணாம்பு மேலேயே நிற்கிறது. மேலே நின்று சும்மாவும் இருப்பதில்லை. ஈரச் சுண்ணாம்பு கடும் காரப்பொருள்; வியர்வையில் ஊறி, உராய்வில் சிவந்திருக்கும் தோலில் அது புண்ணாக்கிவிடும். நெற்றியிலோ இமை ஓரத்திலோ கொட்டிய இடத்தில் தடவி, அது வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் இறங்கினால் விழி வெண்படலமே பாதிக்கப்படக்கூடும். தடவியபின் வலி குறைந்தது என்று பலர் சொல்வது பொய்யில்லை. ஒற்றைக் கொட்டின் கடுமையான வலி எதுவும் தடவாவிட்டாலும் சிறிது நேரத்தில் தணியத் தொடங்கும். பெரியவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு அன்போடு செய்த வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இன்று கையில் வேறு நல்ல வழி இருக்கும்போது சைக்கிள் பையில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வெங்காயம் தேய்ப்பதும் மஞ்சள் பூசுவதும் பெரிய கெடுதல் செய்வதில்லை; பெரிய நன்மையும் எதிர்பார்ப்பதற்கில்லை. பற்பசை தடவினால் அதில் உள்ள புதினாச் சத்து சற்றுக் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். வாய்க்கால் கரைச் சேற்றை அள்ளி அப்புவதை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஆடு மாடு நடமாடும் மண்ணைத் துளைபட்ட தோலில் வைப்பது கிருமியை அழைத்து உள்ளே விடுவதாகும். வாயை வைத்து உறிஞ்சுவதும், உறிஞ்சுவதற்கென்று விற்கப்படும் சிறு பம்புகளும் பயனற்றவை.

இத்தனைக்கும் மேலாக நான் முதலிடம் தருவது குளிர்ச்சிக்கு. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் வலியும் அடங்கும், வீக்கத்தின் வேகமும் குறையும். கொங்கு நாட்டில் சைக்கிள் ஓட்டுவதில் உள்ள பெரிய வசதி, எந்தக் கிராமத்து நாற்சந்தியிலும் ஒரு பேக்கரி இருப்பதும், அங்கே குளிர்பெட்டி இருப்பதும்தான். குளிர்ந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை வாங்கி அப்படியே அழுத்திப் பிடித்தாலும் போதும். கடையே இல்லாத இடத்தில், ஆனி ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் நாள்களில், நனைத்த கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றால் அந்தக் காற்றே அதைக் குளிர வைத்துவிடும். சூடு வைப்பதும் வலியைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அதற்கென வெளிநாடுகளில் விற்கும் கருவிகள் ஐம்பது டிகிரி அளவில் சில நொடி மட்டுமே சூடு தருகின்றன. டீக்கடைக் கரண்டியைச் சூடாக்கி வைப்பவருக்கு அந்த அளவு பிடிபடாது, தோல் வெந்துபோகும்.

களிம்புகளில் கேலமைன் அரிப்புக்கு இதமானது. ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு அரிப்பையும் சிவப்பையும் ஓரளவு குறைக்கும், ஆனால் உடனடியாக இல்லை. வீட்டில் இருக்கலாம், பையில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மருந்துக் கடையில் ‘எல்லாத் தோல் தொல்லைக்கும்’ என்று எடுத்துக் கொடுக்கும், வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் கலந்த களிம்பை வாங்க வேண்டாம். முகத்தில் கொட்டிய வீக்கத்துக்கு அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வேறொரு தொல்லை ஆரம்பமாகும்.

மாத்திரைகளுக்குள் எது

கொட்டிய இடம் அரிக்கும்போதும், உடம்பில் தடிப்பு எழும்போதும் ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரை உதவும். மருந்துக் கடையில் அவில் என்று கேட்டால் கிடைக்கும் ஃபெனிரமின் பழைய தலைமுறை மருந்து. மூளைக்குள் புகுந்து தூக்கத்தை வரவழைக்கும். வீட்டுக்கு வந்து படுக்கப் போகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. இன்னும் ஐம்பது கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவே ஓட்டித் திரும்ப வேண்டியவருக்கு அது ஆபத்தானது. செட்டிரிசின் 10 மில்லிகிராம் அதைவிட நல்லது, எனினும் சிலருக்கு அதுவும் அயர்வு தரும். சைக்கிள்காரருக்கு இவற்றுள் ஏற்றது ஃபெக்ஸோஃபெனடின் என்பது என் கருத்து. தூக்கம் மிகக் குறைவாகவே வரும். அதைத் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகள் அது குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும் என்பதால், மாத்திரையைப் போட்ட கையோடு ஜூஸ் கடையில் உட்கார்ந்துவிடக் கூடாது. எந்த மாத்திரையானாலும் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இந்தக் கால அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்றுக் கீழே அது மிக முக்கியமாகப் போகிறது.

வலிக்கு என்றால் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள், வெயிலில் மணிக்கணக்காக ஓட்டி நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குச் சுமையாகும். பல கொட்டு வாங்கியவரின் சிறுநீரகம் ஏற்கெனவே நஞ்சால் பாதிக்கப்படக்கூடியது என்பதால் அவருக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது.

மறுநாள் கை முழங்கைவரை வீங்கி, சிவந்து, சூடாக இருப்பதைப் பார்த்துப் பலரும் சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். பத்து சென்டிமீட்டருக்கு மேல் பரவும் இத்தகைய பெரிய வீக்கம் ஒவ்வாமையின் விளைவு. ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் வற்றும். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இல்லாதவரை கிருமிக்கொல்லி தேவைப்படுவதில்லை. இப்படி வீங்குகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அடுத்த கொட்டின்போது உடல் முழுவதையும் தாக்கும் ஒவ்வாமை வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது பெரும்பாலோருக்கு வராது. ஆனாலும் அவர்கள் மலைச்சாலைக்குத் தனியே போவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

பதினைந்து நிமிடக் கணக்கு

இதுவரை ஒப்பிட்டவை எல்லாம் சௌகரியத்தைப் பற்றியவை. ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், கொஞ்சம் கூடுதலாக அரிக்கும். கொட்டு வாங்கிய சிலருக்கு மட்டும் வேறொன்று நடக்கிறது. கொட்டாத இடங்களிலும் தடிப்பு எழுகிறது, உதடும் நாக்கும் தடிக்கின்றன, தொண்டை அடைக்கிறது, மூச்சு விசிலடிக்கிறது, வாந்தி வருகிறது, தலை சுற்றி, இரத்த அழுத்தம் விழுகிறது. அனாஃபிலாக்சிஸ் எனப்படும் இந்தக் கடும் ஒவ்வாமை சில நிமிடங்களில் தொடங்கிவிடும். பிரிட்டனில் இதனால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சிக் கொட்டால் இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த இடைநிலைக் காலம் 15 நிமிடம். மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்கே அரை மணி ஆகும் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், ‘ஓர் அவில் போதும்’ என்ற பேச்சு ஏன் ஆபத்தானது என்பது விளங்கும். மாத்திரை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். அடைக்கும் மூச்சுக்குழலைத் திறக்கவோ விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அதனால் முடியாது. அதைச் செய்யக்கூடியது அட்ரினலின் ஒன்றுதான்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள குப்பியில் பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். பலன் தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி.

அப்படியானால் எல்லாரும் அட்ரினலினைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு நடைமுறைக் காரணங்கள் இருக்கின்றன. வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் பேனா போல வைத்திருக்கும் தானியங்கி ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. இங்கே கிடைப்பது கண்ணாடிக் குப்பி. மூச்சு முட்டும் மனிதரின் பக்கத்தில் நின்றுகொண்டு, நடுங்கும் கையால் குப்பியை உடைத்து, சரியான அளவு இழுத்து, சரியான தசையில் போடுவதற்குப் பயிற்சி வேண்டும். அளவு தவறினாலோ தசைக்குப் பதில் இரத்தக் குழாயில் போய்விட்டாலோ இதயத்துக்கே கேடு. இருபத்தைந்து டிகிரிக்கு மேல் சூடும் வெளிச்சமும் படாமல் காக்க வேண்டிய மருந்தும் அது. சித்திரை வெயிலில் கரூர்ச் சாலையில் இருக்கைப் பையில் கிடந்த குப்பியை நம்ப முடியாது. ஆனால் முன்பு ஒருமுறை மேற்சொன்ன அறிகுறிகள் வந்தவருக்கு என் பதில் வேறு. அவர் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, மருந்துச் சீட்டோடு அட்ரினலினும் அதைப் போடும் பயிற்சியும் பெற்று, உடன் ஓட்டும் ஒருவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்து, குளிர் காக்கும் உறையில் வைத்து எடுத்துப் போக வேண்டும். அது இல்லாமல் அவர் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறக் கூடாது. சுமார் நாற்பது கிலோமீட்டர் நீளும் அந்தக் காட்டுச் சாலையின் நடுவே இருந்து 108 வண்டியைக் கூப்பிட முடிந்தாலும் அது பதினைந்து நிமிடத்தில் வந்து சேராது. அதே மனிதர் பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் இடையே, அல்லது கோவை நகரத்தைச் சுற்றி ஓட்டலாம். அங்கே எந்த இடத்தில் நின்றாலும் சில நிமிடத் தொலைவில் மருத்துவமனை உண்டு.

இரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வகை மருந்து உடம்பில் இருக்கும்போது ஒவ்வாமை வந்தால் அது கடுமையாகலாம், அட்ரினலினும் முழுப் பலன் தராமல் போகலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிளுக்கு வந்த பலர் இந்த மருந்துகளைச் சாப்பிடுவதால், மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

மயங்கியவரைக் கொண்டுபோகும் விதத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. நம் பக்கத்தில் உதவிக்கு ஓடி வருகிறவர்கள் உடனே செய்வது, ஒரு மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே அவரை உட்கார வைத்துக்கொண்டு பறப்பது. நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் நிமிர்ந்து உட்கார வைத்தாலோ எழுப்பி நடக்க வைத்தாலோ இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அந்த நிமிடமே உயிர் போகக்கூடும். சமதளமாகப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் மிகுதியாக இருந்தால் மட்டும் சாய்ந்து உட்கார விடலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஒரு காரையோ சரக்கு வேனையோ நிறுத்திப் படுத்த நிலையிலேயே கொண்டுபோவது சில நிமிடம் தாமதமானாலும் மேலானது. போகும் இடம், கோவையின் பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டியதில்லை. வழியில் முதலில் வரும், மருத்துவரோ செவிலியரோ பணியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே சரியான இடம். அட்ரினலின் அங்கும் இருக்க வேண்டிய அடிப்படை மருந்து. ‘தேனீ கொட்டியது, மூச்சு அடைக்கிறது, அட்ரினலின் வேண்டும்’ என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். அவில் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்குப் பின்னால் வரும் துணை மருந்துகள். அவை முதல் மருந்தாக முடியாது. சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை அறிகுறிகள் திரும்பலாம் என்பதால், மருத்துவர் விடும்வரை அங்கேயே இருக்க வேண்டும். வாய்க்குள் பூச்சி புகுந்து நாக்கிலோ தொண்டையிலோ கொட்டியிருந்தால், ஒவ்வாமை இல்லாதவரும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வெறும் வீக்கமே மூச்சை அடைத்துவிடும்.

கூட்டமாக வந்தால்

மலைத்தேனீக் கூட்டம் விரட்டும்போது மிதித்துத் தப்புவதா, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவதா? இறக்கமான, ஆளில்லாத, நேரான சாலையாக இருந்தால் மிதிப்பது நல்லது. ஏற்றமாக இருந்தால் தேனீயின் வேகத்தைச் சைக்கிள் எட்டவே முடியாது. வண்டியைத் திருப்பி வந்த வழியே இறங்க வேண்டும், அல்லது கீழே போட்டுவிட்டு முகத்தையும் கண்ணையும் சட்டையால் மூடிக்கொண்டு நிற்காமல் ஓட வேண்டும். கதவும் கண்ணாடியும் உள்ள எந்த இடமும் சரி: கார், பேருந்து, வீடு, கடை. புதருக்குள் குனிந்து உட்காருவதும், கையை வீசி அடிப்பதும் நிலைமையை மோசமாக்கும்; கொட்டிய இடத்திலிருந்தும் நசுங்கிய தேனீயிலிருந்தும் எழும் ஒருவித வாழைப்பழ வாசனை மற்றத் தேனீக்களுக்கு அபாய அறிவிப்பு. வாய்க்காலில் குதிப்பது பலருக்கும் தோன்றும் யோசனை. தேனீக்கள் தண்ணீரின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போது முகத்தில் கொட்டும்; தண்ணீர் திறந்துவிட்ட காலத்தில் கீழ்பவானி வாய்க்காலின் இழுப்பு நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். குதிக்க வேண்டாம். இந்த நேரத்தில் மட்டும், கொடுக்கை உடனே எடுக்க வேண்டும் என்ற விதிக்கு விலக்கு. முதலில் விலகிப் போய்விட்டு, பிறகு ஒருவருக்கொருவர் எடுத்துவிடலாம்.

ஐம்பது, நூறு என்று கொட்டு வாங்கியவர் ஒவ்வாமை இல்லாமல் தெம்பாக உட்கார்ந்திருந்தாலும் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். அத்தனை நஞ்சு தசைகளையும் இரத்த அணுக்களையும் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறமாகவோ மாறுவது அதன் அடையாளம். இந்தக் கேடு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளிப்படுகிறது.

அணிவதும் பூசுவதும்

கொசுவுக்குப் பூசும் எந்தக் களிம்பும் தேனீயையும் குளவியையும் விரட்டாது. இந்த ஒரு செய்தி தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். அவற்றுக்கு எதிராக உதவுவது உடைதான். தலைக்கவசத்தின் துளைகளுக்கு உள்ளே வலை வைத்ததை வாங்கலாம், அல்லது அடியில் மெல்லிய துணித் தொப்பி அணியலாம். கண்ணாடி அணிந்தால் விழியில் பூச்சி அடிக்காது. இறக்கத்தில் சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட வேண்டும். வெயிலுக்காகப் பலரும் போடும் கைமூடியும் உதவும். நிற்கும் இடத்தில் கடிக்கும் கொசுவுக்கு டீட் கலந்த பூச்சு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது சிலவகை பிளாஸ்டிக்கையும் செயற்கை இழைத் துணியையும் கரைக்கும், கண்ணாடிச் சட்டத்தையும் கைப்பிடி உறையையும் பிசுபிசுக்க வைக்கும். சைக்கிள்காரருக்கு அதைவிட இகாரிடின் கலந்தது பொருத்தம்; பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை. வெயில் களிம்பு முதலில், அது காய்ந்த பிறகு இது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் மண்பாதையில் ஓட்டுகிறவர்களுக்குத் தேனீயைவிட உண்ணி முக்கியம். கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் மாடும் செம்மறியும் மேய்கின்றன. வேலி ஓரப் புல்லில் வண்டியைச் சாய்த்து உட்கார்ந்து எழுந்தால் உண்ணி காலில் ஏறிவிடும். கடித்துத் தொங்கும் உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடி நெருப்பால் சுடுவது, புகையிலை வைப்பது எல்லாம் கால்நடை வளர்ப்போரிடம் வழக்கத்தில் உள்ளவை. இந்த வழிகளில் உண்ணி எரிச்சலடைந்து தன் எச்சிலை மேலும் உள்ளே விட வாய்ப்பு உண்டு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுத்து எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுவதே நல்லது. இடுக்கிக்கு எடை கிடையாது. பையில் சுண்ணாம்பு டப்பாவுக்கும் களிம்புக்கும் கொடுக்கவிருந்த இடத்தை அதற்கும் நான்கு ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரைகளுக்கும் கொடுக்கலாம்.

உண்ணியைவிடச் சிறிய, கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிப் பூச்சியின் இளம்பருவம் கடித்துப் பரப்பும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் உண்டு. மழைக்குப் பின் புதரும் புல்லும் செழித்து, குளிர் தொடங்கும் மாதங்களில் கூடுதலாக வருகிறது. கடித்தபோது வலியே தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும்போது, வாய்க்கால் மேட்டுப் புல்லில் படுத்து இளைப்பாறியது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். சிகரெட்டால் சுட்டது போன்ற கருமையான பொருக்கு ஒன்று கடித்த இடத்தில் இருக்கும். எல்லாருக்கும் இருப்பதில்லை, இருப்பவர்களுக்கும் அது அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இருக்கும். காய்ச்சலோடு போகும்போது சைக்கிள் ஓட்டிய பாதையைச் சொல்லி, மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்த இடங்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.